தவக்காலத்துப் பச்சை

தோ பாயோ பேருந்து நிலையத்துக்கு மேலே,
சாவி வெட்டும் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே
நகம் தீட்டுவது என் வேலை.

மார்ச் பதினாறு, மாலை ஏழு மணி.
சீருடையைக் கழற்றாமல் ஓர் ஆள் வாசலில் நிற்கிறார்.
கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்பார்,
வலப்பக்கம் காட்டத் தயாராகக் கையை உயர்த்தினேன்.

"ஒரே ஒரு விரலுக்குப் போடுவீங்களா?"
சுண்டுவிரலை நீட்டினார்,
கா விட வந்த பிள்ளை மாதிரி.

சவரியப்பன். பேருந்து ஓட்டுநர்.
இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்த நகம்:
அகலம், நெடுக வரிகள்,
ஓரத்தில் லேசாக மஞ்சள்.

கைபேசியில் படம் காட்டினார்.
பச்சை, மூன்று இலை, கொஞ்சம் பொன்தூள்.
மகள் அனுப்பியது. டப்ளினில் தாதி.
நாளை அங்கே புனித பேட்ரிக் திருநாள்,
தெருவே பச்சையாகிவிடுமாம்.
அவளுக்கு வார்டில் பகல் வேலை.
தாதிகள் நகத்தில் எதுவும் பூசக்கூடாது,
ஒட்ட வெட்டி
வெறுமையாய் வைத்திருக்க வேண்டும்.
"எனக்குப் பதிலா நீங்க போட்டுக்குங்கப்பா"
விளையாட்டுக்குத்தான் சொல்லியிருக்கிறாள்.
இவர் கடை தேடி வந்துவிட்டார்.

அடிப்பூச்சு முடிந்து விளக்குக்குள் விரல்.
நீல ஒளியில் அறுபது நொடி
பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்போல் குனிந்திருந்தார்.

"பெரிய புனிதரோ?"
"நமக்கு அந்தோணியார்தாம்மா. இவரை அவ்வளவா தெரியாது.
பாம்பையெல்லாம் விரட்டினாராம்."
"எங்க புளோக் கால்வாய்ப் பக்கம் வரச் சொல்லுங்க,
போன மாசம் மலைப்பாம்பு."
சிரித்ததில் விரல் ஆடி
பச்சை தோலில் வழிந்தது.
துடைத்தேன்.

"வீட்ல திட்டு.
தவக்காலம், கறியே கிடையாது, அலங்காரம் கேக்குதான்னு.
அதான் ஒரு விரலோட நிறுத்திக்கிட்டேன்."

மூன்று இலையா, நான்கா?
அதிர்ஷ்டம் வேண்டுகிறவர்கள் நான்குதான் கேட்பார்கள்.
"மூணு. பிதா, சுதன்..." என்று
கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.
"ஆடாதீங்க அங்கிள்!"

மூன்று இலை என்றால் எனக்கு வில்வம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
ஆனால் தூரிகை சொல்லிவிட்டது,
முதல் இலை நுனி கூர்த்து வந்தது.
உச்சியில் ஒரு பிளவு கொடுத்து
அயர்லாந்துக்குத் திருப்பினேன்.

நகமும் சதையும் என்று
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.
ஒட்டியிருக்கும்போதே நகம்
நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது,
மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்,
யாருக்கும் வலிக்காமல்.

அவர் எடுத்த படத்தில் கூரை விளக்குதான் விழுந்தது.
நானே எடுத்துக் கொடுத்தேன்.
அனுப்பினார்.
ஒற்றைச் சாம்பல் குறி.
"அங்க பதினோரு மணி. வேலையில இருப்பா."
நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

காசு கொடுக்கும்போது,
"ஜூன்ல லீவுக்கு வர்றா.
அதுவரைக்கும் நிக்கும்ல?"

மூன்று வாரம். பத்திரமாக இருந்தால் நான்கு.
அதற்குப் பிறகு அடியில் வெறும் பிறை தெரியும்,
இலை மேலே மேலே போகும்,
ஒட்டிக்கொண்டே இருந்தாலும்
ஜூனில் அது வந்து சேரும் இடம்
நகவெட்டியின் வாய்.

"பாத்திரம் கழுவும்போது
கையுறை போட்டுக்குங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார்.
மின்படியின் கைப்பிடியை
நான்கு விரலால் பிடித்தபடி
இறங்கிக்கொண்டிருந்தார்.