ஒரு தாளுக்கு ஒரு புகார்

சயான் ஸ்டேஷனில் எங்கள் டப்பா வந்து நிற்கும் இடத்தில்
தூண்மேல் ஒரு பெட்டி.
அதற்குள் ஒரு சத்தம்:
கீக், கீக், கீக்.
தாயைத் தவறவிட்ட கோழிக்குஞ்சு மாதிரி
நாள் முழுக்க, மழையிலும்.
எட்டு வருஷம் அதன் கீழேதான் நின்றேன்.
மற்றவர்களுக்குத் தலைவலி.
எனக்கு முகவரி.

ஜூலை மழையில் ஒரு திங்கட்கிழமை
அது நின்றுபோனது.

படியிலிருந்து எழுபத்திரண்டு அடி,
காலுக்குத் தெரியும்தான்.
ஆனால் காலைக் கூட்டத்தில்
எழுபத்திரண்டு அடியை
யார் நேராக நடக்க விடுகிறார்கள்?
அறுபதில் ஒரு மீன்கூடை, நீர் சொட்டச் சொட்ட.
அறுபத்தைந்தில் ஒரு நல்லவர்.

நல்லவர்கள் முழங்கையைப் பிடிப்பார்கள்.
எங்கே போகணும் என்று கேட்கமாட்டார்கள்.
"ஆயியே பெஹன்ஜி" என்று
தூக்காத குறையாக ஏற்றிவிட்டார்,
ஃபர்ஸ்ட் கிளாஸில்.
தாதரில் பரிசோதகர் அபராதச் சீட்டு கிழித்தபோது
நல்லவர் தன் புண்ணியத்தோடு
எங்கோ போய்விட்டிருந்தார்.

பேரின்பம் எங்கள் டப்பா ஆள்.
பைகுல்லாவில் அச்சகத்தில் வேலை,
காது கேட்காது.
என் உதட்டைப் படிப்பான்.
பதில்களை என் உள்ளங்கையில் எழுதுவான்,
பதினோரு வயதுவரை நான் பார்த்திருந்த
தமிழ் எழுத்தில், ஒவ்வொன்றாக.
ஞ வந்தால் கூசும்.

சத்தம் செத்துப்போச்சு என்றேன்.
கொஞ்ச நேரம் விரல் அசையவில்லை.
பிறகு எழுதினான்:
'இங்கே சத்தம் இருந்ததா?'

ஐந்து வருஷமாக
அதே தூணில் சாய்ந்து நின்றவன்.

மேலே ஒரு பலகை இருப்பதும்
அதில் இரண்டு மாதமாக எழுத்து வராததும்
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
பிளாட்பாரம் மாற்றி அறிவிக்கும்போது
எல்லாரும் ஓடுவதைப் பார்த்து
ஏன் என்று தெரியாமலே இவனும் ஓடியிருக்கிறான்.

வந்தனா காம்ப்ளேதான் மனு எழுதினாள்.
போலியோ கால், இரண்டு ஊன்றுகோல்,
நாக்குக்கு மட்டும் ஊன்றுகோல் வேண்டாம்.
சத்தம், பலகை, ஏற முடியாத படி உயரம்,
எங்கள் இருக்கையில் கால்மேல் கால் போட்டுத்
தூங்குகிறவர்கள்,
எல்லாம் ஒரே தாளில், மராத்தியில்.

அதிகாரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சொன்னார்:
"ஒரு தாளுக்கு ஒரு புகார்.
சத்தம் ஒரு இலாகா, பலகை இன்னொரு இலாகா,
உயரம் எங்களிடமே இல்லை."
"நாங்கள் ஒரே டப்பாவில்தானே வருகிறோம்"
என்றாள் வந்தனா.
தாளைத் திருப்பித் தள்ளினார்.
நகம் கண்ணாடியில் உரசும் ஓசை கேட்டது.

நான்காக எழுதினோம்.
பதினாறாக எழுதினோம்.
தீபாவளி வந்து போனது.

ஒருநாள் காலை பேரின்பம்
கிராஃபோர்டு மார்க்கெட்டில் வாங்கிய
ரப்பர் வாத்தோடு வந்தான்.
கன்னத்தில் வைத்து அமுக்கி
அதிர்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினானாம்.
தூணடியில் நின்று அமுக்கினான்.
கோழிக்குஞ்சே இல்லை அது,
தொண்டை கட்டிய லாரி.
'கேட்கிறதா?' என்று எழுதினான்.
படிக்கட்டுவரை கேட்கிறது, கடவுளே.

தினமும், ஏழே முக்காலிலிருந்து எட்டேகால்வரை.
எழுபத்திரண்டு அடியும்
அந்த அசிங்கமான சத்தத்தை நோக்கி நேராக நடந்தேன்.
வடாபாவ் கடைக்காரர் திட்டினார்.
காலேஜ் பையன்கள் கூடவே குவாக் என்றார்கள்.
பத்தாம் நாள் அதிகாரியே இறங்கி வந்தார்:
பயணிகளுக்குத் தொந்தரவாக இருக்கிறதாம்.

வந்தனா பையிலிருந்து எடுத்து நீட்டினாள்
ஒரு வெள்ளைத் தாள்.
"எழுதிக் கொடுங்கள்.
ஒரு தாளுக்கு ஒரு புகார்."

வியாழக்கிழமை யாரோ ஏணி போட்டார்கள்.
இப்போது கீக் திரும்பிவிட்டது,
பழையதைவிடக் கொஞ்சம் கனத்த குரல்.
பலகை இன்னும் இருட்டு.
அறிவிப்பு வந்தால்
அவன் உள்ளங்கையில் நான் எழுதுகிறேன்: 3.
அழகாக இருக்கிறது என்று
யாரோ ஒருவர் போட்டோ எடுத்தாராம்.

அழகெல்லாம் இல்லை.
பலகை எரியும்வரைதான் இது.
இருபதாவது தாள் என் பையில் இருக்கிறது,
வாத்து அவன் பையில்.