அது காற்று இல்லை

உடன்குடியில் பஸ் மாறி
ஊர் முனையில் இறங்கும்போதே
செருப்புக்குள் தேரிமண்.
பத்தொன்பது வருஷம்.
"பழைய உபதேசியார்லா!" என்று
யோவேல் என் பையைப் பிடுங்கிக்கொண்டான்.

ஞானஸ்நானத்துக்கு நான்
ஆயத்தம் பண்ணின பதினோரு பேரில்
நாலு பேர் கல்லறைத் தோட்டத்தில்,
மூணு பேர் திருப்பூரில்,
ஒருத்தர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார்,
அசனத்துக்கு மட்டும் வருவாராம்.
மற்றவர்கள் பந்தியில் நெருங்கி உட்கார்ந்து
எனக்கும் ஓர் இலை போட்டார்கள்.

சோற்றுக் கூடையோடு வந்தவள் ஞானப்பூ.
அவள் புருஷன் மாசிலாமணி
குடித்துவிட்டுப் பனையிலிருந்து விழுந்தபோது
துக்கமணி அடிக்கக் கூடாது என்றவன் நான்.
இப்போது கோயில்மணிக் கயிறு அவள் பொறுப்பு.
உள்ளங்கையெல்லாம் காய்ப்பு.

"என்னை மன்னிச்சிரும்மா."
பந்தி இரைச்சலில் கேட்டதோ என்னவோ,
குனிந்து மெல்லச் சொன்னாள்:
"அன்னைக்கு ராத்திரி மணி ஒரு தடவ அடிச்சுச்சே,
காத்துன்னு சபையில சொன்னீயளே,
அது காத்து இல்ல ஐயா."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"குழம்பு ஊத்துதேன்,
கைய எடுங்க."