மூணுக்குள்ள இருக்கணும்

பாலாற்றுப் பாலம் இறங்கி, விருதம்பட்டில்
தகரக் கூரைக்கடியில் புகை பரிசோதனைக் கடை.
மே மாதம். பத்து மணிக்கே தார் இளகிக் கிடந்தது.
என் தொண்ணூற்றெட்டு மாருதியின் பின்னால் குந்தி
சைலன்சருக்குள் கம்பியைச் செருகினான் ஃபர்மான்.
"ஆக்சிலேட்டர்ல கால் வெக்காதீங்க மேடம்.
அது பாட்டுக்கு மூச்சு வுடட்டும்."

சிரிப்பு வந்தது.
ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நான் சொல்வது:
நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க,
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும், இன்னும்.
மூக்கில் கிளிப், வாயில் அட்டைக்குழாய்,
திரையில் ஒரு கோடு
மலையேறிச் சரியும்.

இவன் திரையில் கோடு இல்லை, எண்தான்.
கார்பன் மோனாக்சைடு
ஐந்து புள்ளி எட்டு.
"மூணுக்குள்ள இருக்கணும்."
அப்புறம் குரல் இறங்கியது.
"அங்க ஒரு புது வண்டி நிக்கிது பாருங்க.
கம்பிய அதுல வுடறேன்,
போட்டோ உங்க நம்பர் பிளேட்டு.
அஞ்சு நிமிசம்."

போன வியாழக்கிழமை
பேர்ணாம்பட்டிலிருந்து வந்தார் எத்திராஜ்.
தோல் ஷெட்டில் இருபத்தாறு வருடம்.
ஊதி முடித்ததும் திரையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
"கொஞ்சம் ஏத்திப் போடும்மா, கம்பெனியில காட்டணும்."
மூன்று முறை ஊத வைத்தேன்.
மூன்றில் நல்லதை எழுதினேன். அதுவும் நல்லதில்லை.
துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு
நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

"வேணாம் ஃபர்மான். பானெட்டைத் திற."

ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டினான்,
செம்மண் ஒரு கைப்பிடி.
கட்டைவிரல் அளவு வால்வு ஒன்றைப் பிடுங்கி
காதோரம் குலுக்கினான்.
"உள்ள குண்டு ஆடணும். சத்தமே இல்ல."
பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் புகையை
வெளியே விடாமல் மறுபடி எரிக்க அனுப்பும் வழியாம்.
அது அடைத்தால் கூடப் போகும் காற்றும் நின்று
வயிற்றுக்குள் பெட்ரோல் மட்டும் மிஞ்சும்.
பெட்ரோலில் ஊறப்போட்டான்.
ஊறட்டும் என்று
மூலையிலிருந்த கருப்பு டப்பாவைத் தொட்டான்.

உள்ளே கரி, வெறும் கரி.
வேலூர் வெயிலுக்கு டாங்கில் எழும் ஆவியை
நிற்கும்போது பிடித்து வைத்து
ஓடும்போது இன்ஜினுக்கு ஊட்டுமாம்.
"ஊட்டற ஓஸுல இன்னா மேடம் இது?"
ரப்பர் குழாய் வாயில் ஒரு திருகாணி,
இறுக்கி, மேலே கம்பி சுற்றி.

மூன்று வருடம் முன்னால்
கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்றால் துடிக்கிறது,
ஏதாவது பண்ணுங்க என்று லூர்துவிடம் சொன்னவள் நான்.
துடிப்பு நின்றது.
குழாயில் எங்கே விரிசல் என்று அவர் பார்க்கவில்லை,
நான் கேட்கவில்லை.
அதற்கப்புறம் தினம் விடிகாலை
போர்ட்டிகோவில் பெட்ரோல் வாசனை.
பழைய காருக்கு அப்படித்தான் இருக்கும் என்று
ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கினேன்.

புதுக் குழாய் எண்பது ரூபாய்.
வால்வு இப்போது கொலுசு மாதிரி பேசியது.
"அடியில தேன்கூடு ஒண்ணு கீது,
கெட்ட காத்தைக் கழுவும்.
உசுரோட கீதான்னு தெரில.
சூடானாத்தான் வேலை செய்யும்,
சத்துவாச்சாரி வரைக்கும் ஒரு ரவுண்டு வுடுங்க."

போய் வந்தேன். பாலத்துக்குக் கீழே
ஆறு இருக்க வேண்டிய இடத்தில் மாடுகள்.

இரண்டு புள்ளி ஆறு.
"உசுரு கொஞ்சம் கீது," என்றான்.
சீட்டு கிழித்தான், ஆறு மாதத்துக்கு.

காருக்கு இனி நவம்பர்.
எத்திராஜுக்கு ஆகஸ்ட், தேதி நான்தான் போட்டது.

மறுநாள் கிளிப் தேடிக் கோட்டுப் பைக்குள் கைவிட்டால்
அந்தத் திருகாணி.
எதிரே ஒரு பெண் குழாயைக் கவ்வியபடி காத்திருந்தாள்,
இழுப்பதா ஊதுவதா என்று தெரியாமல்.