பதினேழாம் எண்

மார்ச், மூன்றாவது செவ்வாய்.
சிலிஃப்கே அருங்காட்சியகத்திலிருந்து நான் வருவேன் என்று
ருக்னெத்தினுக்குத் தெரியும்.
தேநீர் தயார். தராசு தயார்.
கடலைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான்:
வைத்துக்கொள்ளலாம், உங்களுடையது அல்ல.
ஆண்டுக்கு ஒருமுறை யாராவது வந்து எண்ணுவார்கள்.
ஆறு வருடமாக அந்த யாராவது
நான்.

நாற்பது வருடம் துறைமுகத்துக்காரர்களுக்குப்
பல்செட் செய்தவர். அதனாலோ என்னவோ
விளிம்பில் பல் வெட்டிய காசென்றால் விடமாட்டார்.
வெள்ளி ஒன்று வாசல்வரை வந்தபோது
திருப்பி அனுப்பினார்:
"அது சிப்பாய்க் கூலி, அம்மா.
இதுதான் வெங்காயம் வாங்கியது."

நாற்பத்தொன்று. எல்லாம் வெண்கலம்.
ஒன்றில் முக்காலி, ஒன்றில் நங்கூரம்,
ஒன்றில் துதிக்கை மட்டும்; யானை
யார் யார் விரலிலோ ஏறிப் போய்விட்டது.
பன்னிரண்டாவதில் இருப்பது எந்த அந்தியோக்கஸ் என்று
மூன்று வருடமாக எங்களுக்குள் சண்டை.
மூக்கைப் பாருங்கள் என்கிறேன்.
மூக்கே இல்லையே, கழுத்தைப் பார் என்கிறார்.

பதினான்கு. பதினைந்து.
பதினாறு, ஐந்து கிராம் இருபத்தொன்று, சரி.
பதினேழாம் குழியில்
ஒரு காகித உறை.

பிரித்தேன். வெளிர்பச்சைப் பொடி.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
"உப்பு," என்றார்.
"ஒருமுறை உள்ளே போய்விட்டால் உள்ளிருந்தே தின்னும்.
காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டேன்,
வாரா வாரம் மாற்றினேன். அரிசிக்குள் புதைத்தேன்.
மற்றதுக்குத் தொற்றக்கூடாதென்று
சமையலறையில் தனியாகப் படுக்கவைத்தேன்.
ஆகஸ்டில் உங்களுக்குப் போன் செய்தேன்.
விடுப்பு என்றார்கள்."

விடுப்புதான். மலையில் இருந்தேன்,
என் தங்கை வீட்டில், செர்ரி பறித்துக்கொண்டு.

படிவத்தில் நான்கு பத்திகள்:
இருக்கிறது. விற்றாயிற்று. திருடு போனது. தொலைந்தது.
தொலையவில்லை, இதோ இருக்கிறது.
ஊதினால் போய்விடும்;
அதனால் இரண்டு பேரும்
வாயைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு பேசினோம்.

"எடை போடுங்கள்," என்றார், "மற்றதைப் போலவே."

பதிவேட்டில் போன வருடம்: மூன்று புள்ளி எட்டு ஏழு.
தராசில் இன்று: ஐந்து புள்ளி இரண்டு.
மறுபடி போட்டேன். அதே ஐந்து புள்ளி இரண்டு.
காசாக இருந்ததைவிடக்
கனம்.

"நான் எதையும் சேர்க்கவில்லை,"
பதறிப்போய்க் கையை மார்பில் வைத்தார்,
"சத்தியமாக."

தெரியும். காற்று சேர்த்தது, தாஷுஜுக் கடல் சேர்த்தது.
இரண்டாயிரத்துச் சொச்ச வருடம் பார்த்த ஒரு செம்பு
கடைசியில் வாங்கிக்கொண்டது அதுவே.
வேதியியல் எனக்குத் தெரியும், ஆனால்
வேதியியலுக்கும் பத்தி கிடையாது.

பேனா எடுத்தேன்.
இருக்கிறது, என்று எழுதினேன்.
நிலை: எடை கூடியுள்ளது.
கையெழுத்து, முத்திரை.
மேலதிகாரி கேட்டால் வரட்டும், வந்து அவரே எண்ணட்டும்.

ருக்னெத்தின் உறையை மடித்தார்,
மூன்று மடிப்பு, மருந்துக் கடைக்காரர் மடிப்பதுபோல்.
எழுந்துபோய்
சாத்தியிருந்த ஜன்னலை
இன்னொருமுறை சாத்தினார்.

பதினெட்டு, என்றேன்.