மூன்று சொட்டு

இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே வைக்கவும்
என்று அட்டையில் எழுதியிருந்தது.
அல் நஹ்தா சிக்னலில் அன்று நாற்பத்தேழு.
பைக்கின் பின்பெட்டியில் அது,
சீட்டில் நான்.

பதினோராம் மாடியில் கதவு திறந்த மலையாளத்துப் பெண்
பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள்.
தண்ணீர் போல இருக்கணுமாம்,
கட்டன் சாயா போல வந்திருக்கிறதாம்.
வெயில் பட்டால் வைட்டமின் சி செத்துப்போகும், சேட்டா.
அவள் கோபப்படவில்லை.
முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

எண்பத்தொன்பது திர்ஹாம்
என் கணக்கில் பிடித்தார்கள்.
ஆக, பாட்டில் என்னுடையது.

ராத்திரி குளியலறையில் மூன்று சொட்டு.
வெகுநேரம் உள்ளங்கையில் பொத்திவைத்த
சில்லறைக் காசின் வாடை.
சவரக் கீறலில் சுரீர்.
ஹெல்மெட் வார் போகும் தடம் மட்டும்
விமானம் ஏறிய நாளின் நிறத்தில் இருக்கிறது.
மிச்ச முகம் இங்கே சம்பாதித்தது.

"எலுமிச்சம்பழம் ஒரு திர்ஹாம்டா,
பிழிஞ்சு தேச்சா ஆகாதா?"
மேல்கட்டிலில் இருந்து சிரித்தான் லூர்து.
போன ஜூனில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போய்
கன்னம் கொப்பளித்தவன் அவன்தான்.
விளக்கணைக்கும் முன்
சத்தமில்லாமல் இறங்கிவந்து
அந்தக் கன்னத்தையே நீட்டினான்.

செத்த மருந்து. இருவருக்கும் தெரியும்.

எட்டுப் பேருக்கு ஒரு ஃபிரிட்ஜ்,
பேர் எழுதாதது எதுவும் காலையில் இருக்காது.
தயிர் பீருடையது. மீன் குழம்பு லூர்து.
பாட்டிலில் என் பேரை ஒட்டி
முட்டைகளுக்கு நடுவே நிறுத்தினேன்.

நாலு டிகிரி.
நீயாவது இனிமேல் கறுக்காதே.