தளம் காட்டாத வரைபடம்

கஜரூபன் எட்மன்டனுக்குப் போகும்போது
விட்டுப்போனவை:
மூடி உடைந்த சோற்றுக் குக்கர்,
வாசல் பனிக்குத் தூவும் உப்பு அரை மூட்டை,
பிறகு இந்த விளையாட்டு.
அதற்குள் அவன் வளர்த்த வில்லாளி. பெயர் சுருட்டு.
சுருட்டுக்கு வயது நானூறு, காது கூர்,
செருப்பு மட்டும் செத்த யாரோ ஒருவனுடையது.

வேலை இதுதான்.
ஈரமணற் கோட்டைப் பெருமணியின் நாக்கைக்
கழற்றி ஒளித்துவிட்டார்கள்.
எடுத்து வர வேண்டும்.
பொத்தானை அழுத்தினால் வரைபடம் விரியும்.
நான் ஒரு வெள்ளை அம்புக்குறி.
நடந்த இடம் சாம்பல், நடக்காத இடம் கறுப்பு,
தேடும் பொருள் மஞ்சள் புள்ளி.
இவ்வளவும் முதல் நாளே விளங்கிவிட்டது.

மூன்றாம் இரவு
அம்புக்குறியின் முதுகிலேயே மஞ்சள் ஏறி உட்கார்ந்தது.
நிற்கிறேன்.
ஒரு பீப்பா, இரண்டு எலும்பு, கசியும் சுவர்.
பீப்பாவை உடைத்தேன். எலும்பைப் புரட்டினேன்.
சுவருக்குப் பதினொரு அம்பு விட்டேன்,
பதினொன்றையும் நானே பொறுக்கினேன்.
நிமிசத்துக்கு ஒருதரம் கீக் என்று ஒரு சத்தம்.
கிட்டத்தான் நிற்கிறாய் என்று
விளையாட்டு சொல்வதாய் நினைத்துக்கொண்டேன்.

ஸ்காபரோவில், மார்க்கம் வீதிக்குப் பின்னால்,
நான் இருப்பது பேஸ்மென்ட்.
யன்னல் என் கழுத்தளவில் தொடங்கும்,
வெளியே பனியும் சில நேரம் ஓர் அணிலின் வயிறும்.
தபால்காரருக்கு எனக்கும் மேல்வீட்டு ஒலிவேரா அம்மாவுக்கும்
ஒரே இலக்கம்.
சாப்பாடு கொண்டு வருபவனின் கைபேசியில்
ஒரே புள்ளி. அவன் எப்போதும் அவர் கதவைத்தான் தட்டுவான்.
அவர் குசினி என் கட்டிலுக்கு மேலே.
வாடகை மின்னஞ்சலில் போகும்.
பதினெட்டு மாதத்தில் நான் அறிந்தது
அவர் பாதங்களை மட்டும்:
இடது கால் கொஞ்சம் பிந்தி விழும்.

நாலாம் இரவு விளையாட்டை அணைத்தேன்.
கீக்.
தொலைக்காட்சி வயரையும் பிடுங்கினேன்.
கீக்.

வீட்டுச் செருப்போடு பனிக்குள் சுற்றி நடந்து
முன்கதவைத் தட்டினேன். மணி ஒன்று.
திறந்தவர் கோட்டுப் போட்டு
கையில் தும்புத்தடியோடு நின்றார்.
‘உன்னிடம்தான் வெளிக்கிட்டேன்.
நாலு நாளாய்க் கீழே என்னத்தை அடிக்கிறாய்?’

கீழே இல்லை என்றேன்.
மேலேயும் இல்லை என்றார்.
பருந்து வட்டமிடும்போது கோழிகள் செய்வதுபோல
இரண்டு பேரும் தலையைச் சரித்தோம்.

அவர் குசினி மூலையில்
மாவு அலுமாரிக்குப் பின்னால் ஒரு கதவு.
என் அறையிலும் உண்டு, பலகை அறைந்து பெயின்ற் அடித்தது.
வீட்டைப் பிரித்து வாடகைக்கு விட்டபோது
இரு முனையும் அடைபட்ட படிக்கட்டு
நடுவில் கிடந்திருக்கிறது,
அவருக்கும் இல்லாமல், எனக்கும் இல்லாமல்.

அவர் அலுமாரியைத் தள்ளத் தள்ள
நான் மறுபடி பனிக்குள் ஓடிவந்து
சுத்தியலின் வாலால் பலகையை நெம்பினேன்.
பதின்மூன்று படி. தூசி, காலிப் போத்தல்கள்,
ஒரு சிறுவனின் பனிச்சறுக்குச் சப்பாத்து.
யாருடையது என்று அவர் சொல்லவில்லை.
கூரையில் புகைமணி,
மின்கலம் சாகக் கிடந்தது.

அவர் மேலிருந்து டோர்ச் பிடித்தார்.
நான் எட்டிக் கழற்றினேன்.
சத்தம் நின்ற பிறகும்
அடுத்த கீக்குக்காகக் கொஞ்ச நேரம் காத்து நின்றோம்,
இடையில் ஐந்து படி.
‘இந்தப் படிகள் உன் வாடகையில் சேர்த்தி இல்லை’
என்றார். சிரித்தாரா, இருட்டில் தெரியவில்லை.

விடிய முன்னம் வரைபடத்தை விரித்தேன்.
மஞ்சள் என் முதுகில் அப்படியே.
கறுப்பின் ஓரத்தில், பீப்பாவுக்கு வலப்பக்கம்,
அடுக்கடுக்காய் நாலு சின்னக் கோடு.
இத்தனை இரவும் நான் அதை
வேலி என்று வாசித்திருக்கிறேன்.