இரண்டாயிரம் ஹெர்ட்ஸ்

கெர்லிட்ஸ் நகரில், ஆற்றுப் பாலத்துக்கு நாலு கடை தள்ளி
செவிக்கருவி பொருத்துவது என் வேலை.
வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது:
"எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது,
மற்றவர்கள்தான் முணுமுணுக்கிறார்கள்."

நோவாக்கும் அதைத்தான் சொன்னார்.
ரயில்பெட்டி ஆலையில் முப்பத்தொரு வருடம்
ஆணி அறைந்த சத்தத்துக்குக் கொடுத்த காது.
'ஸ்' போய்விட்டது. 'ஃப்' போய்விட்டது.
பறவைகளில் பாதி போய்விட்டன.
மேல்வீட்டுச் சிறுமி ஜர்மினா
படியில் எதிர்ப்பட்டால் வாயே திறப்பதில்லையாம்.
"அவர்கள் அப்படித்தான்," என்றார்.

புதுக் கருவியை அவர் கைபேசியோடு இணைத்தேன்.
சோதிக்க ஏதாவது ஒலிக்கட்டும் என்றேன்.
என் திரையில் பச்சைக் கோடு எழுந்து ஆடியது.

ஓர் ஆண்குரல். அவசரமே இல்லாத குரல்.
பிளம்ஸ் கேக்கில் மாவு நசநசக்காமலிருக்க
பழத்துக்கு அடியில் ரவை தூவச் சொன்னது.
நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்திருக்கிறது என்றது.
பிறகு, அதே ரவை தூவும் நிதானத்தில்,
"உங்கள் கட்டடத்து அழைப்புமணிகளில்
எத்தனை பெயரை உங்களால் உச்சரிக்க முடிகிறது?"
அவ்வளவுதான்.
அடுத்து ஓர் அக்கார்டியன்.

எனக்கு அந்தக் குரலைத் தெரியும்.
ஃபால்கோ. வகுப்பில் எனக்கு இரண்டு வரிசை முன்னால்.
பதினாறு வயதில், சனிக்கிழமைதோறும்,
பார்வையற்றோர் நூலகத்துக்குக் கதை வாசித்துப் பதிந்தவன்.
ஒரு காற்புள்ளியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமென்று
அவனுக்குத் தெரியும்.
அந்தக் காற்புள்ளியைத்தான்
அவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் கத்தினார்கள்.
சதுக்கத்தில் ஒலிபெருக்கி, இரண்டு கொடி, ஒரு போலீஸ் வண்டி.
நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம்.
இப்போது சாத்த ஜன்னல் இல்லை.
ஓர் அலைவரிசையை முடக்கினால் அன்றிரவே இன்னொன்று:
'ஆற்றங்கரை அடுப்படி', 'தூக்கம் வராதவர்களுக்கு'.
தடைசெய்த சொல்லை அவர்கள் சொல்வதேயில்லை.
அந்த இடத்தில் ஒரு விநாடி சும்மா இருக்கிறார்கள்.
கேட்பவர் தன் வாயால் நிரப்பிக்கொள்கிறார்.
மௌனத்தைப் பிடிக்கும் வடிகட்டி
இன்னும் யாரிடமும் இல்லை.

"நல்ல பையன்," என்றார் நோவாக்.
"ராத்திரி மூன்று மணிக்கும் பேசுவான்.
என் மகன் ஈஸ்டருக்குப் பேசினான்."

சுட்டியின் கீழ் என் விரல்.
ஃபால்கோவின் மினுக்கம் முழுவதும்
இரண்டாயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது.
இரண்டு படி இறக்கினால் போதும்,
கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன் ஆகிவிடுவான்.
யாருக்கும் தெரியாது.
இறக்கினேன்.
ஆனால் அதே இடத்தில்தான்
சிறுமிகளின் 'வணக்க'மும் இருக்கிறது.
ஏற்றினேன்.
இது நேர்மையா கோழைத்தனமா என்று
பணம் வாங்கி மீதி கொடுக்கும்வரை யோசித்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார்.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
"மேல்வீட்டுப் பிள்ளை பாடிக்கொண்டே படியிறங்குகிறது.
என் கதவைத் தாண்டும்போது ஏதோ சொல்லிவிட்டும் போகிறது.
காலையில் ஒரே இரைச்சல்.
அதை மட்டும் குறைக்க முடியுமா?"

"முடியும்.
ஆனால் குறைத்தால், இரவில் பேசுகிறவரும்
சேர்ந்து குறைவார்.
இருவருக்கும் ஒரே கதவு."

நோவாக் தன் காதைத் தொட்டுக்கொண்டார்.
வெளியே டிராம் மணியடித்துப் போனது,
அது அவருக்குக் கேட்டது, திரும்பினார்.

பிறகு ஒரு காற்புள்ளி அளவு,
ஃபால்கோ நிறுத்துவதைவிடவும் நீளமாக,
பேசாமல் நின்றார்.
நான் அதை நிரப்பவில்லை.